அம்மாவின் நோட்டு: அறுபது வயதுக்கு முன்பே மறதிநோய் வந்த தாயை வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

என் அம்மா தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். 2014-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அவருக்கு 52 வயது நடந்துகொண்டிருந்தபோது, அடுத்த தெருப் பெண்மணி ஒருவரின் ஜாக்கெட்டில் வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்ததோடு, கொக்கி வைக்க வேண்டிய பட்டியில் காஜாவும் போட்டுவிட்டார். ஆடித் தள்ளுபடித் துணியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்த களைப்பு என்று நினைத்து அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அது மறதிநோயின் தொடக்கம் என்பது 2016-இல்தான் எங்களுக்குத் தெரிந்தது. 2024-இல் அவர் காலமானார்.

அறுபதைத் தொடாத தாய்க்கு இந்த நோய் வந்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தும் சிகிச்சையும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. வீட்டில் எதை எப்படிச் செய்வது, எதை முதலில் செய்வது என்பதே இங்கே சொல்லப்படுவது. பெரும்பாலான குடும்பங்கள் கடைசியாக நினைத்துப் பார்க்கும் ஒரு வேலையை முதல் வேலையாகச் செய்யச் சொல்வேன். அம்மாவின் வாழ்க்கையை, அவரால் சொல்ல முடிகிற காலத்திலேயே, அவர் வாயால் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் நினைவாக இருக்கட்டும் என்று எண்ணித்தான் நாங்களும் தொடங்கினோம். ஆனால் அவரைக் குளிக்க வைக்கவும், சாப்பிட வைக்கவும், தூங்க வைக்கவும் அந்த நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கும் என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

நோய் எது என்று உறுதி செய்தல்

மறதிநோய் கிழவர்களுக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் கவனித்துப் பதிவு செய்த முதல் நோயாளியான ஆகஸ்ட் டெட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. இன்று 65 வயதுக்கு முன் தொடங்குவதை இளவயது மறதிநோய் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இந்த வயதில் நோய் பலருக்கு மறதியின் உருவத்தில் வராது என்பதாலும் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. சிலருக்குப் பேச்சு தடுமாறும். சிலருக்குக் குணம் மாறி, அதுவரை கூச்ச சுபாவமாக இருந்தவர் கடைத்தெருவில் அந்நியரிடம் கூசாமல் பேசுவார், அல்லது இனிப்பை அளவில்லாமல் தின்பார். என் அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, ஆனால் கண்ட பொருளின் இடம், வலம், அளவு ஆகியவை மூளைக்குப் பிடிபடவில்லை. அது புரியாமல் நாங்கள் மூன்று முறை கண்ணாடி மாற்றினோம்.

வாடிக்கையாளரின் பெயரை மறந்தால் கவலைப்பட வேண்டாம். முப்பது ஆண்டுகள் பிடித்த இஞ்சு டேப்பில் எந்தக் கோடு எந்த எண் என்று புரியாமல் நின்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்களிடம் முதலில் ஒரு மருத்துவர் மாதவிடாய் நிற்கும் வயதின் தொல்லை என்றார், இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். இரண்டுமே அந்த வயதில் உண்மையாகவும் இருக்கக்கூடியவை என்பதால் அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆறு மாதத்தில் குணம் தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி என்பது நரம்பியல் மருத்துவர். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல், மனநலப் பிரிவுகளும், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், 1984-இல் தொடங்கப்பட்டு, அண்ணா நகர் மேற்கு விரிவில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனமும் உண்டு. முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கூடவே இரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, சோடியம் குறைவு, தலையில் அடிபட்டு மூளையைச் சுற்றிக் கட்டிய இரத்தம், மூளையில் நீர் தேங்குதல், சில தொற்றுகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும், அவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதால் இந்தப் பரிசோதனைகளில் எதையும் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் பழைய வகை மாத்திரைகளும், தூக்க மாத்திரைகளும்கூடப் புத்தியைக் குழப்பும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் ‘ரொம்ப மறக்கிறாங்க’ என்று சொல்வதால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த மாதம், என்ன நடந்தது என்று தேதி போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். அதை அம்மாவின் காதுபட வாசிக்காதீர்கள். நான் முதல் முறை வாசித்தேன்; வீட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் அவர் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோயின் பெயரை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். எங்கள் வீட்டில் சொன்னோம். தனக்கு என்னவோ ஆகிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, அதற்கு ஒரு பெயர் கிடைத்ததில் அவருக்கு ஓரளவு நிம்மதியே வந்தது.

உறவினர்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போகச் சொல்வார்கள். போகலாம். திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் அம்மா மிகவும் அமைதியாக இருப்பார் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தவறாமல் போனோம். மந்திரிப்பதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு மட்டும் போக வேண்டாம்.

நோட்டு எழுதுதல்

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் தேர்வு எழுதுவதைப் போன்ற பதற்றம் அம்மாவுக்கு வந்துவிடும். ஆகையால் கருவாடு கழுவும்போதோ, கீரை ஆயும்போதோ, பழைய புடவையை மடிக்கும்போதோ பேச்சு கொடுத்து, இரவில் எழுதி வையுங்கள். செல்பேசியில் குரலைப் பதிவு செய்து, ஒரு நகலை வேறொருவரின் வீட்டிலும் வைத்துவிடுங்கள். எங்கள் முதல் மூன்று மாதப் பதிவுகள் கழிவறையில் விழுந்த ஒரு செல்பேசியோடு போயின.

பெரிய நிகழ்ச்சிகளைவிடச் சின்ன வழக்கங்கள்தான் பின்னால் உதவும். சிறு வயதில் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தார், அந்த வீட்டின் வாசல் எந்தப் பக்கம், யாருக்குப் பயந்தார், காய்ச்சல் வந்தால் அவருடைய அம்மா என்ன கொடுத்தார், தலைக்குக் குளித்தது எந்தக் கிழமை, வேலை செய்யும்போது முணுமுணுத்த பாட்டு எது, சிறுநீர் கழிப்பதற்கு அவர் வீட்டில் சொன்ன வார்த்தை என்ன என்பதையெல்லாம் எழுதுங்கள். கடைசியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். பேச்சு குறைந்துபோன ஆண்டுகளில் அவர் ஏதோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தவிக்கும்போது, அது என்னவென்று தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் யார் யார் என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தும் அப்படியே நிற்கும்.

இந்த நோட்டு எங்களுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2018-இல் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தெருக் கதவை உலுக்கத் தொடங்கினார். தடுத்தால் அடிக்க வந்தார். இரண்டு மாதங்கள் யாருக்கும் தூக்கமில்லை. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் அங்கே உட்கார்ந்தபடியே தூங்கினார். தூக்க மாத்திரையைக் கூட்டுவதைப் பற்றி மருத்துவர் பேசிய வாரத்தில், தம்பி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கிடைத்தது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்த அம்மா, பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் நான்கு மணிக்கு அடி பம்புக்குக் குடத்தோடு போய் வரிசையில் நின்றிருக்கிறார். பிந்திப் போனால் அன்றைக்கு வீட்டில் தண்ணீர் இல்லை, அடியும் உண்டு. மறுநாள் இரவு குளியலறைக் குழாயடியில் இரண்டு பிளாஸ்டிக் குடங்களை வைத்தோம். நான்கு மணிக்கு அவர் எழுந்ததும் அப்பா, “தண்ணி வந்துடுச்சு, வா” என்று கூப்பிட்டார். அம்மா கதவை விட்டுவிட்டு, “எத்தினி கொடம்?” என்று கேட்டார். “ரெண்டு” என்றார் அப்பா. அரைக் குடமாக நிரப்பி, ஒன்றை அவர் இடுப்பில் வைத்துக்கொள்ள, மற்றொன்றை அப்பா தூக்கிக்கொள்ள, இருவரும் சமையலறையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அம்மா புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்து, ஏழரை மணி வரை தூங்கினார். பத்து நிமிட வேலைதான். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அப்படியே நடந்தது, மாத்திரையைக் கூட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

புரியாத நடத்தை எதைக் கண்டாலும், இவர் எந்தக் காலத்தில் இருக்கிறார், அந்தக் காலத்தில் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. எங்களுக்குப் பாதிக்குக் கிடைத்தது.

பத்திரமும் பணமும்

இதை நோய் உறுதியான முதல் சில மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். அம்மா பெயரில் வீடோ மனையோ இருந்தால், பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதாவது நமக்கு அது தேவைப்படும் நேரத்தில் அது செல்லாததாகிவிடும். அதன் பிறகு பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். தெளிவாக இருக்கும்போதே உயில் எழுதுவதானால் சாட்சிகள் இருவர் வேண்டும். அன்றைய தேதியில் மனத்தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்றும் வாங்கி வைத்தால் பின்னால் சண்டை குறையும். யாருக்கு எது என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

உயிர் காக்கும் கருவிகள், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் ஆகியவற்றைப் பற்றி அவருடைய விருப்பத்தையும் அப்போதே கேட்டுவிடலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்று மாற்றியது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, அவர் செல்பேசியிலிருந்து பணம் அனுப்பும் செயலிகளை எடுத்துவிடுவது ஆகியவற்றை ஒரே வாரத்தில் செய்துவிடலாம்.

அரசின் முதியோர் உதவிகள் பெரும்பாலும் அறுபது வயதைக் கணக்கில் வைத்தவை. 14567 என்ற உதவி எண்ணும், 2024-இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் மூத்த குடிமக்களுக்கானவை. 54 வயதுக்காரருக்கு மனநல ஆலோசனை எண்ணான 14416, அரசு மருத்துவமனைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவைதான் துணை. மருந்து வாங்கும்போது மருத்துவமனையிலேயே கிடைப்பது எது, வெளியே வாங்க வேண்டியது எது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றாடம்

கேஸ் அடுப்பைப் பயன்படுத்தியதும் ரெகுலேட்டரை மூடுவதை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். அதற்காக அம்மாவைச் சமையலறையிலிருந்து விரட்டிவிடக் கூடாது. வெங்காயம் உரிக்கவும், தேங்காய் துருவவும், அரிசி களையவும் அவருக்கு நீண்ட காலம் முடியும். கை பழகிய வேலையின் நினைவு, நேற்று நடந்ததன் நினைவைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகத் தங்கும். எங்கள் அம்மாவால் தைக்க முடியாமல் போன பின்பு, ஒரு தகர டப்பாவில் கொக்கிகளையும் பொத்தான்களையும் கலந்து வைத்தோம். அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கொக்கிகளைத் தனியே பொறுக்கிப் புடவை மடிப்பில் வரிசையாகக் குத்துவார். மாலையில் நாங்கள் அவற்றை மீண்டும் கலந்து வைப்போம். ஏமாற்றுவதுபோல் இருக்கிறதே என்று ஆரம்பத்தில் எனக்கு உறுத்தியது. விரல்களில் நடுக்கமில்லாமல் ஒரு மணி நேரம் அவர் இருப்பதைப் பார்த்தபின் உறுத்தல் போய்விட்டது. எதையும் வாயில் போடுகிற நிலை வந்ததும் கொக்கிகளை எடுத்துவிட்டுப் பெரிய துணித் துண்டுகளைக் கொடுத்தோம்.

“நான் யாரு சொல்லு?” என்று மட்டும் யாரையும் கேட்க விடாதீர்கள். பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி அது, தெரியாமல் விழிக்கும் அம்மாவுக்கு அது அவமானம். வாசலிலேயே சொல்லி உள்ளே விடுங்கள். அவர்களே தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்காரட்டும். தைத்த கூலிப் பணத்தைத் தம்பி திருடிவிட்டான் என்று அம்மா சொன்ன நாட்கள் உண்டு. இல்லை என்று நிரூபிக்கப் போனால் சண்டை வளரும். “வா, சேர்ந்து தேடலாம்” என்று கூடவே தேடினால் ஐந்து நிமிடத்தில் தேடலே மறந்துவிடும். தம்பிக்கு அது வருத்தம்தான். அவனிடம் தனியே பேச வேண்டியிருந்தது.

இறந்துபோன தன் தாயைக் கேட்டு அவர் அழும்போது, ஆயா செத்துப் பல வருஷம் ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய சாவு. இதோ வந்துவிடுவார் என்று பொய் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. “ஆயா வெக்கற இறா கொழம்பு எப்பிடி இருக்கும், சொல்லு” என்று கேட்பேன். அவர் சொல்லத் தொடங்குவார். பேச்சு போன பிறகு நான் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

குளிக்க வைப்பதுதான் எல்லா வீடுகளிலும் பெரிய போராட்டம். ஷவரிலிருந்து நீர் தலையில் கொட்டுவது பயமுறுத்தும். வெந்நீர் வாளி, முக்காலி, சொம்பு என்று பழைய முறைக்குப் போய், முதலில் காலில் ஊற்றி, பிறகு தோளுக்கு வாருங்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்தியபடியே குளிக்க வைத்தால் வெட்கம் காப்பாற்றப்படும். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை நாங்கள் இரண்டாம் ஆண்டில் விட்டோம். செவ்வாய், வெள்ளியில் தலைக்கு, மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைத்தல் என்று அவருடைய சிறு வயது வழக்கத்துக்கே போனபோது சண்டை பாதியாகக் குறைந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது இந்த நோயில் பொதுவாகக் காணப்படுவது. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, தொலைக்காட்சியை நிறுத்தி, நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் பெண்ணை வேறு யாரோ என்று நினைத்து அம்மா அவளுக்கு டீ கொடுக்கச் சொன்ன நாட்களில் நாங்கள் மூடவில்லை. திட்டத் தொடங்கியபின்தான் மூடினோம்.

வெளியே போய்விட்டால்

இளவயதில் நோய் வந்தவர்களுக்கு உடலில் தெம்பு இருக்கிறது, ஆகையால் வெகுதூரம், வேகமாக நடப்பார்கள். கதவின் மேல்பக்கத்தில், பார்வைக்கு எளிதில் படாத இடத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். உள்ளே அவரைத் தனியாக வைத்துப் பூட்டிவிட்டு ஒருபோதும் வெளியே போகாதீர்கள். கழற்ற முடியாத ஒரு காப்பில் செல்பேசி எண்ணைப் பொறித்துப் போட்டுவிடலாம். தெருமுனைப் பெட்டிக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோரிடம் வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள். நெருக்கமாக வீடுகள் இருக்கும் வடசென்னைத் தெருக்களில் எல்லார் கண்ணும் எல்லார் மேலும் இருக்கும். மற்ற நேரங்களில் எரிச்சலூட்டும் அந்தக் குணம் இந்த ஒரு விஷயத்தில் பெரிய உதவி.

காணவில்லை என்று தெரிந்ததும் கால் மணி நேரம் சுற்றுவட்டத்தில் தேடிவிட்டு 112-க்கு அழைத்து, காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தார் என்று சொல்ல, தினமும் காலையில் ஒரு புகைப்படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். எங்கே தேடுவது என்பதற்கும் நோட்டைத்தான் பார்க்க வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தோண்டித் தகரத் தடுப்பு வைத்திருந்த காலத்தில் தெருவே அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் நாங்கள் கடைத்தெருப் பக்கமெல்லாம் தேடிக்கொண்டிருக்க, அவர் எதிர்த் திசையில், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடந்து, காசிமேட்டில் தான் பிறந்த வீடு இருந்த சந்தின் முனையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீடு இடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மீன் விற்கும் ஓர் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, காப்பிலிருந்த எண்ணைப் பார்த்து எங்களை அழைத்தார்.

மருந்தும் உடம்பும்

மறதிநோயில் அந்த ஜெர்மன் மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் அல்சைமர் வகைக்கு டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன், மெமன்டைன் ஆகிய மருந்துகள் தரப்படுகின்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை; சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். குமட்டல், பசியின்மை, நாடித்துடிப்பு குறைதல் ஆகியவை முதல் மூன்று மருந்துகளில் வரக்கூடும். தலைசுற்றி விழுந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் டோனெபெசில் கொடுத்துக் கெட்ட கனவு வந்தால், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மூர்க்கத்துக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன், குவெட்டியபைன் போன்றவை பக்கவாத அபாயத்தைக் கூட்டக்கூடியவை. எவ்வளவு நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்காமல் அவற்றைத் தொடங்க வேண்டாம்.

ஒன்றிரண்டு நாட்களில் திடீரென்று குழப்பம் அதிகமானால் அது நோய் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், புதிய மருந்து, பல்வலி ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரின் முகச்சுளிப்பைப் படிக்கப் பழக வேண்டும்.

விழுங்கும் திறன் குறையும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த கஞ்சி, மசித்த சோறு என்று சிறு கரண்டியால் கொடுங்கள்; சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். தண்ணீர்தான் அதிகம் புரையேறும். படுக்கையில் விழுந்தபின் இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். ஏர் பெட் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். நோய் முற்றிய நிலையில் மூக்குக் குழாய் ஆயுளை நீட்டும் என்பதற்கு ஆதாரமில்லை. அம்மா முன்பே வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் எங்களுக்கு அந்த முடிவை எடுக்கும் பாரம் இல்லை.

ஐப்பசிக்கு முன்பே ஒரு பை தயாராக இருக்கட்டும்: இரண்டு வார மருந்து, டயப்பர், பிளாஸ்டிக் விரிப்பு, மருத்துவக் காகிதங்களின் நகல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, மார்பைச் சுற்றிப் புடவையால் கட்டி, நான்கு பேர் மாடி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கட்டிலோடு தூக்கப் பார்த்தால் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும்.

பார்த்துக்கொள்பவர்கள்

ஐம்பதுகளில் இருக்கும் தாய்க்கு நோய் வரும்போது கணவர் வேலையில் இருப்பார், பிள்ளைகள் படித்துக்கொண்டோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தோ இருப்பார்கள். மகள் இருந்தால் எல்லாம் அவள் தலையில் விழும். எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் போயிற்று. நான் வேலையை விட்டேன், கோபத்தில் ஒரு நாள் அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அன்று இரவு தம்பியையும் அப்பாவையும் உட்கார வைத்து, நாட்காட்டியில் யார் எந்த நேரம் என்று கோடு போட்டோம். இரவு தம்பி, விடியற்காலை அப்பா, பகல் நான், ஞாயிறு முழுவதும் சித்தி. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை. ஆண்பிள்ளை தாயைக் கழுவி விடலாமா என்று கேட்ட உறவினருக்குத் தம்பி பதில் சொல்லவில்லை, செய்துகாட்டினான்.

நமக்கும் வருமா என்ற பயம் பிள்ளைகளுக்கு உள்ளே இருக்கும், வெளியே யாரும் பேச மாட்டார்கள். ஒற்றை மரபணு மாற்றத்தால் வருவது இளவயது நோயிலும் சிறு பகுதிதான். அத்தகைய மாற்றம் தாயிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. தலைமுறை தோறும் ஐம்பதுக்கு முன்னும் பின்னும் இதே நோய் வந்த குடும்பமாக இருந்தால் மரபணு ஆலோசனை கேட்கலாம்.

பிறகு

அம்மா இறந்தபின் சில மாதங்கள் வரை எனக்குக் கடைசி முகம் மட்டுமே நினைவுக்கு வந்தது. ஒட்டிய கன்னம், திறந்த வாய். பார்த்துக்கொண்டவர்கள் பலருக்கும் இப்படித்தான் ஆகும், அது தானாக விலகும் என்று காத்திருக்க வேண்டாம். குரல் பதிவுகளை எடுத்த வரிசையில், நோய் முற்றிய காலத்தில் எடுத்தவற்றை விட்டு, முதலில் எடுத்தவற்றிலிருந்து கேளுங்கள். ஒரே நாளில் கேட்காதீர்கள். அவர் தைத்த ஜாக்கெட்டுகள் தெருவில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ள அவர் விட்டிருக்கும் ஒன்றரை விரல் துணி தெரியும். கை மாற்றித் தைத்த அந்த ஜாக்கெட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்மணி அதைப் பிரிக்காமலேயே வைத்திருந்தார்.

முதல் ஆண்டுத் திதிக்கு அம்மாவுக்குப் பிடித்த வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பைப் படையலுக்கு வைக்க நோட்டை எடுத்தோம். மிளகாய்த்தூள் எவ்வளவு, மாங்காய் எப்போது போடுவது என்பதெல்லாம் இருந்தது. புளித்தண்ணீருக்கு மட்டும் ‘அலுமினிய டம்ளர்ல நெளிவு வரைக்கும்’ என்று தம்பி எழுதியிருந்தான். சமையல் குறிப்பு எழுதும்போது அவர் அளந்த பாத்திரம் எது என்பதையும் குறித்துக்கொண்டு, அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். எங்கள் டம்ளரை மாடி வீட்டு அக்கா, புயலன்று எங்கள் சாமான்களோடு தூக்கிப் போய், அன்று முதல் அரிசி அளக்க வைத்திருந்தார்.